ஆபர் டிக்கெட் ரத்தானால் பணம் போச்சா? விமான கம்பெனியிடம் திரும்ப வாங்குவது எப்படி?

நாகர்கோவில்,

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் விமானத்தில் போகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தக்கலை என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு 2 பேராவது துபாயிலோ, மஸ்கட்டிலோ, தோகாவிலோ இருப்பார்கள்.

இவர்கள் எல்லோரும் களியக்காவிளையைத் தாண்டி திருவனந்தபுரத்துக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். சென்னைக்குப் போகிறவர்களில் சிலர் தூத்துக்குடி வாகைக்குளத்துக்கும், மதுரைக்கும் போகிறார்கள்.

முன்பெல்லாம் விமானம் என்றால் பணக்காரர்களுக்கு. 2003-ம் ஆண்டு ஏர் டெக்கான் கம்பெனி குறைந்த கட்டண விமானத்தை ஓட்டத் தொடங்கிய பிறகு நிலைமை மாறி விட்டது. குமாஸ்தாவும் பறக்கிறார். கடைக்காரரும் பறக்கிறார். 3 மாதத்துக்கு முன்பே "ஆபர்" டிக்கெட் எடுத்தால் ஏ.சி. ரெயில் கட்டணத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும்.

சிக்கல் எப்போது வருகிறது? டிக்கெட் ரத்தாகும்போது.

"அண்ணாச்சி, பைசா திரும்பக் கிடைக்குமா?" என்று ஏஜெண்டிடம் கேட்டால், "அது ஆபர் டிக்கெட் பாத்துக்கிடுங்க. ஒண்ணும் கிடைக்காது" என்று பதில் வரும். பாதிப் பேர் அதோடு வீட்டுக்குப் போய் விடுகிறார்கள்.

அந்தப் பதில் சரியா? பாதி சரி. பாதி தப்பு!

ரத்து செய்தது யார்?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். டிக்கெட்டை ரத்து செய்தது நீங்களா, விமான கம்பெனியா?

இரண்டுக்கும் சட்டம் வேறு. டி.ஜி.சி.ஏ. என்று சொல்லப்படும் சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகம் இரண்டுக்கும் தனித்தனியாக விதி போட்டு இருக்கிறது.

விமானம் வராது என்று கம்பெனியே சொன்னால், அது ஆபர் டிக்கெட்டா, முழு விலை டிக்கெட்டா என்ற பேச்சுக்கே இடம் இல்லை. வேறு விமானத்தில் இடம் தர வேண்டும். அல்லது முழுப் பணத்தையும் வாபஸ் தர வேண்டும். இதில் எது வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை பிரயாணிக்குத்தான்.

"எங்க கம்பெனியில வாபஸ் கிடையாது, அடுத்த வாரம் போங்க" என்று கவுண்ட்டரில் சொன்னால் தலையாட்டி விட்டு வரத் தேவை இல்லை.

உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலும் இதே உரிமை உண்டு. வேறு விமானம் கேட்கலாம். இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் கேட்கலாம்.

2 வாரம் முன்பே சொன்னார்களா?

கம்பெனி விமானத்தை ரத்து செய்வதாக இருந்தால் 2 வாரத்துக்கு முன்பே பிரயாணிக்குச் சொல்ல வேண்டும். 2 வாரத்துக்கும் குறைவாக, ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பு சொன்னால், ஏற்கனவே புறப்பட வேண்டிய நேரத்தில் இருந்து 2 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் தர வேண்டும். அல்லது பணத்தைத் தர வேண்டும்.

அப்படிச் சொல்லாமல் கடைசி நேரத்தில் கையை விரித்தால்? டிக்கெட் பணத்தோடு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும்!

2016-ல் கொண்டு வந்த விதிப்படி நஷ்டஈட்டுக் கணக்கு இது:

1 மணி நேரம் வரை பறக்கும் விமானம் என்றால் ரூ.5 ஆயிரம்.

1 மணிக்கு மேல் 2 மணி நேரம் வரை என்றால் ரூ.7,500.

2 மணி நேரத்துக்கு மேல் என்றால் ரூ.10 ஆயிரம்.

ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. இந்தத் தொகை, அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

திருவனந்தபுரம்-சென்னை விமானம் 1 மணிக்கு மேல் 2 மணிக்குள் வரும். அதனால் ரூ.7,500 என்று கணக்குப் போடக் கூடாது. உங்கள் ஆபர் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து ரூ.2,300 என்றால் நஷ்டஈடும் ரூ.2,300தான். மலிவாக வாங்கினால் நஷ்டஈடும் மலிவுதான்!

புயல், வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, வேலை நிறுத்தம் போன்ற காரணங்களால் விமானம் நின்றால் நஷ்டஈடு கிடையாது. அப்போதும் டிக்கெட் பணம் வாபஸ் உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு 2 முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் ஓடாது. இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். எனவே நேரம் மாறுவதை கம்பெனிகள் முன்பே சொல்லி விட முடியும். அந்த நாட்களில் டிக்கெட் எடுக்கிறவர்களும் நேரத்தை ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக் கொள்வது நல்லது.

போன் நம்பர் யாருடையது?

நம் ஊரில் பலர் ஏமாறும் இடம் இது.

ஏஜெண்டு கடையில் டிக்கெட் எடுக்கும்போது போன் நம்பர் என்ற இடத்தில் பல ஏஜெண்டுகள் தங்கள் நம்பரையே போட்டு விடுகிறார்கள். விமானம் ரத்து என்ற தகவல் அவருக்குப் போகும். அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கோ, கல்யாண வீட்டுக்கோ போயிருப்பார். பிரயாணி பெட்டி படுக்கையுடன் வாடகைக் காரில் திருவனந்தபுரம் போய் இறங்குவார். அங்கே போன பிறகுதான் சங்கதி தெரியும்.

அதோடு போகவில்லை. தொடர்பு கொள்ள சரியான விவரம் கொடுக்காத பிரயாணிக்கு நஷ்டஈடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. "நாங்கள் தகவல் அனுப்பி விட்டோம்" என்று கம்பெனி தப்பித்துக் கொள்ளும்.

எனவே டிக்கெட் எடுக்கும்போது, "என் நம்பரைப் போடுங்க" என்று சொல்ல வேண்டும். அச்சடித்து வந்த டிக்கெட்டில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை.

நீங்களே ரத்து செய்தால்

வீட்டில் யாருக்கோ சுகம் இல்லை. லீவு கிடைக்கவில்லை. கல்யாணம் தள்ளிப் போய் விட்டது. பிரயாணத்தை நீங்களே ரத்து செய்கிறீர்கள். ஆபர் டிக்கெட் ஆயிற்றே, என்ன கிடைக்கும்?

அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் போய் விடும். ஆனால் டிக்கெட் விலை முழுவதும் அடிப்படைக் கட்டணம் அல்ல. அதில் வரி இருக்கிறது. விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் இருக்கிறது. இவை விமான கம்பெனியின் வருமானம் அல்ல. நீங்கள் பறந்தால் அரசுக்கும், விமான நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டிய பணம். நீங்கள் பறக்கவில்லை என்றால் அதைத் திருப்பித் தர வேண்டும்.

ஆபர் டிக்கெட்டுக்கும், "வாபஸ் கிடையாது" என்று அச்சடித்த டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். விமானத்தைத் தவற விட்டவர்களுக்கும் பொருந்தும்.

இது அற்பத் தொகை என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் 2024 ஜூலை முதல் உள்நாட்டுப் பிரயாணி ஒருவர் புறப்படுவதற்கான மேம்பாட்டுக் கட்டணம் மட்டும் ரூ.770 என்று ஆக்கப்பட்டது. வெளிநாடு போகிறவருக்கு ரூ.1,540. ஒரு குடும்பத்தில் 4 பேர் வளைகுடா போக டிக்கெட் எடுத்து ரத்து செய்தால், இந்த ஒரு கணக்கில் மட்டும் 6 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது!

ரத்து கட்டணத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ஒரு பைசா பிடிக்கக் கூடாது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். டிக்கெட் மொத்தம் ரூ.3,500. அதில் அடிப்படையும் எரிபொருளும் ரூ.2,300. வரி, விமான நிலைய கட்டணம் ரூ.1,200. கம்பெனியின் ரத்து கட்டணம் ரூ.4 ஆயிரம் என்று போட்டு இருந்தாலும் ரூ.2,300-க்கு மேல் எடுக்க முடியாது. மீதி ரூ.1,200 உங்களுக்கு வர வேண்டும். வாபஸ் தருவதற்கு என்று தனியாகக் கூலியும் பிடிக்கக் கூடாது. டிக்கெட் எடுக்கும்போது வாங்கும் "வசதி கட்டணம்" மட்டும் பொதுவாகத் திரும்ப வராது.

டிக்கெட் எடுத்த உடனே மனம் மாறினால்? 2019-ல் வெளியான விமானப் பிரயாணிகள் உரிமை சாசனத்தின்படி, எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம் என்று இருந்தது. பிரயாண நாள் 7 நாளாவது தள்ளி இருக்க வேண்டும் என்றும் இருந்தது. இந்த 24 மணியை 48 மணி ஆக்கலாம் என்று 2025 நவம்பரில் டி.ஜி.சி.ஏ. ஒரு வரைவு வெளியிட்டது. டிக்கெட் எடுக்கும் அன்று எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

"கிரெடிட் ஷெல்" என்றால் என்ன?

பணத்துக்குப் பதில் கம்பெனிகள் நீட்டும் சீட்டுக்குத்தான் இந்தப் பெயர். "உங்கள் பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது கழித்துக் கொள்ளலாம்" என்பார்கள். கடையில் மாற்றிய துணிக்குப் பணம் தராமல், "வேற துணி எடுத்துக்கிடுங்க" என்பது மாதிரி.

அடிக்கடி பறக்கிறவருக்கு அது சரி. 2 வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவருக்கு என்ன பயன்? கெடு முடிந்து சீட்டு செத்துப் போகும்.

பணமா, சீட்டா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பிரயாணி. கம்பெனி தானாகப் பணத்தைச் சீட்டாக மாற்றி வைக்கக் கூடாது. இதுவும் டி.ஜி.சி.ஏ. விதி.

இந்த விஷயம் 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. கொரோனாவால் அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதி உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25-ந் தேதிதான் மறுபடி ஓடத் தொடங்கின. இடையில் ரத்தான டிக்கெட்டுகளுக்குப் பல கம்பெனிகள் பணம் தராமல் சீட்டைக் கொடுத்தன.

பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. நீதிபதிகள் அசோக் பூஷண், சுபாஷ் ரெட்டி, எம்.ஆர்.ஷா ஆகியோர் 2020 அக்டோபர் 1-ந் தேதி தீர்ப்புக் கூறினார்கள்.

ஊரடங்கு காலத்தில், அதே ஊரடங்கு காலப் பிரயாணத்துக்கு எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் உடனே தர வேண்டும். அதற்கு முன்பு எடுத்த டிக்கெட்டுக்கு 15 நாளில் பணத்தைத் தர முயற்சி செய்ய வேண்டும். பண நெருக்கடியால் முடியாத கம்பெனி 2021 மார்ச் 31 வரை செல்லும் சீட்டைக் கொடுக்கலாம்.

சும்மா அல்ல. 2020 ஜூன் 30 வரை மாதம் அரை சதவீதமும், அதன் பிறகு முக்கால் சதவீதமும் அந்தச் சீட்டின் மதிப்பு கூட வேண்டும். ரூ.6 ஆயிரம் டிக்கெட் என்றால் முதலில் மாதம் 30 ரூபாய், பிறகு 45 ரூபாய். சீட்டை வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கெடு முடியும்வரை பயன்படுத்தாவிட்டால் பணமாகவே திருப்பித் தர வேண்டும் என்றும் கோர்ட்டு கூறியது.

ஏஜெண்டு கை காட்டினால்

"நாங்க கம்பெனிக்குச் சொல்லியாச்சு. அவங்க போட்டாத்தான் நாங்க தர முடியும்" என்பார் ஏஜெண்டு. கம்பெனியைக் கேட்டால், "ஏஜெண்டிடம் கேளுங்கள்" என்று சொல்லும். பிரயாணி வடசேரிக்கும் மீனாட்சிபுரத்துக்குமாக அலைய வேண்டியதுதான்!

இதற்கும் விதியில் பதில் இருக்கிறது. ஏஜெண்டு என்பவர் கம்பெனி நியமித்த ஆள். எனவே பணம் வாபஸ் வருவதற்குக் கம்பெனிதான் பொறுப்பு. கிரெடிட் கார்டில் கட்டி இருந்தால் ரத்து செய்த 7 நாளுக்குள் கார்டு கணக்குக்குப் போக வேண்டும். கம்பெனி ஆபீசில் ரொக்கம் கொடுத்து இருந்தால் அங்கேயே உடனே தர வேண்டும். ஏஜெண்டு மூலம் என்றால் 30 வேலை நாள் என்று 2016 விதி கூறியது. அதை 21 வேலை நாளாகக் குறைக்க 2025 நவம்பர் வரைவில் யோசனை சொல்லப்பட்டது.

ஏஜெண்டிடம் ரொக்கம் கொடுக்கிறவர்கள் ரசீது வாங்காமல் வரக் கூடாது. ரசீதில் டிக்கெட் விலை எவ்வளவு, ஏஜெண்டு கமிஷன் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். பிறகு தகராறு வந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் பேசும்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு விமான கம்பெனிகள் அந்தந்த நாட்டு விதிப்படி பணத்தைத் திருப்பித் தரலாம் என்று இருக்கிறது. வளைகுடா நாட்டுக் கம்பெனிகளில் டிக்கெட் எடுக்கிறவர்கள் ரத்து நிபந்தனையை முதலிலேயே படித்து விட வேண்டும்.

நடந்த 2 சம்பவங்கள்

2024 மே 7-ந் தேதி இரவில் இருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடல்நலம் சரியில்லை என்று லீவு போட்டார்கள். நாடு முழுவதும் விமானங்கள் ரத்தாயின. திருவனந்தபுரத்திலும் வளைகுடா போக வந்தவர்கள் தவித்தார்கள். விசா முடிகிற கெடு சிலருக்கு. வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் சிலருக்கு. மஸ்கட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்த கணவரைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு பெண்ணால் போக முடியவில்லை. சில நாளில் கணவர் இறந்து விட்டார் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. மே 9-ந் தேதி டெல்லியில் பேச்சு நடந்து தகராறு தீர்ந்தது. பிரயாணிகள் முழுப் பணத்தையும் வாங்கலாம் அல்லது கட்டணம் இல்லாமல் தேதியை மாற்றலாம் என்று கம்பெனி அறிவித்தது. எல்லா நஷ்டத்தையும் பணத்தால் ஈடு செய்ய முடியாது என்பதற்கு இது சாட்சி.

அடுத்தது 2025 டிசம்பர். விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிக்கு ஏற்ப ஆட்களைத் தயார் செய்யாததால் இண்டிகோ விமானங்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல்! பிரயாணிகளின் பணத்தை டிசம்பர் 7-ந் தேதி இரவு 8 மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய அரசு கெடு விதித்தது. அன்றைக்குள் ரூ.610 கோடி வாபஸ் கொடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரூ.10 ஆயிரம் பிரயாணச் சீட்டும் தருவதாக இண்டிகோ கூறியது.

கெடு விதித்தால் 2 நாளில் பணம் வருகிறது. விதிக்காவிட்டால் 2 மாதம் ஆகிறது. இதுதான் இதில் தெரியும் பாடம்.

கம்பெனியே மூடி விட்டால்?

இதுதான் மிகவும் ஆபத்து. விமான டிக்கெட் என்பது சீட்டுக் கம்பெனியில் முன்பணம் கட்டுவது மாதிரி. 3 மாதம் கழித்துப் பறக்க இன்றே பணம் கட்டுகிறோம். அதை வைத்துத்தான் கம்பெனி இன்றைய எரிபொருளை வாங்குகிறது. நாம் பறக்கும் முன்பே நம் பணம் பறந்து விடுகிறது!

ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந் தேதியோடு நின்றது. கோ பர்ஸ்ட் கம்பெனி 2023 மே 2-ந் தேதி திவால் மனு கொடுத்தது. மறுநாள் முதல் அதன் விமானம் எதுவும் பறக்கவில்லை. ஜெட் ஏர்வேசின் சொத்தை விற்றுக் கலைக்க 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கோ பர்ஸ்டைக் கலைக்க 2025 ஜனவரியில் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இப்படி ஆனால் டிக்கெட் வாங்கியவரும் ஒரு கடன்காரர் மாதிரி மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும். ஈடு வாங்கிக் கடன் கொடுத்த பாங்கிகளும், தொழிலாளர்களும் முன்னால் நிற்பார்கள். பிரயாணி பின்னால்தான். கார்டில் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. "பணம் வாங்கிக் கொண்டு சேவை தரவில்லை" என்று தன் பாங்கியிலேயே புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதற்கும் கெடு உண்டு. உடனே செய்ய வேண்டும்.

எங்கே புகார் செய்வது?

முதலில் விமான கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் பேசியது பேச்சோடு போகும். பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.

அடுத்தது விமான போக்குவரத்து அமைச்சகத்தின் "ஏர் சேவா". செல்போனிலேயே புகாரைப் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

எதுவும் நடக்கவில்லையா? நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. கம்பெனி டெல்லி பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய நுகர்வோர் சட்டப்படி, புகார் செய்கிறவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை உள்ள விவகாரத்துக்குக் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். சம்பவம் நடந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதுதான் முக்கியம்.

டிக்கெட், ஏஜெண்டு ரசீது, ரத்து என்று வந்த எஸ்.எம்.எஸ்., பாங்கிக் கணக்குத் தாள், விமான நிலையத்துக்குப் போன வாடகைக் கார் பில், அவசரத்தில் எடுத்த வேறு டிக்கெட்டின் பில் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்து இருக்க வேண்டும்.

போலி நம்பர் ஜாக்கிரதை!

பணம் வாபஸ் கேட்கிறவர்களைக் குறி வைத்து ஒரு மோசடிக் கும்பல் அலைகிறது. விமான கம்பெனி போன் நம்பர் என்று இண்டர்நெட்டில் பொய் நம்பரைப் போட்டு வைப்பார்கள். அதில் கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். "உங்கள் பணம் தயார். ஒரு ஆப் இறக்குங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்பார்கள். சொன்னால் டிக்கெட் பணத்தோடு பாங்கியில் இருக்கிற பணமும் போகும்.

பணம் வாங்குவதற்கு ஓ.டி.பி.யும் வேண்டாம். ரகசிய எண்ணும் வேண்டாம். யாராவது கேட்டால் போனை வைத்து விடுங்கள். ஏமாந்து விட்டால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்.

ஆபர் டிக்கெட் எடுப்பதில் தப்பு இல்லை. ஆனால் ரத்தானால், "போனது போகட்டும்" என்று விட்டு விடக் கூடாது. டிக்கெட்டைக் கையில் எடுத்து, வரி எவ்வளவு, விமான நிலைய கட்டணம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அது உங்கள் பணம். கேட்டால்தான் வரும்.